ஆஸ்பத்திரிக்கும் சமூகநல இலாகாவுக்கும் துணைக்கு ஒருவர்: சுங்கை சிப்புட்டில் கேட்கப்படும் கேள்விகள்

பேராக்கின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றுத் தோட்டங்களிலும் வயதானவர்களும், மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களும், ஓகேயு (உடல்பேறு குறைந்தோர்) கார்டு வைத்திருப்பவர்களும், இவர்களை வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களும் எங்களிடம் கேட்டவை இவை. நாங்கள் சிலர் ஓய்வு நேரத்தில் இப்படிப்பட்டவர்களோடு ஆஸ்பத்திரிக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் துணைக்குப் போகிறோம். சம்பளம் இல்லை, கட்சி இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை.

துணைக்கு வருகிறவர் என்னதான் செய்வார்?

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்று முதலில் கேட்பார். அதை டாக்டரிடமோ அதிகாரியிடமோ நீங்களே சொல்ல உதவுவார். முடியாவிட்டால் நீங்கள் சொன்னபடியே எடுத்துச் சொல்வார். அங்கே சொன்னதைக் குறித்துக்கொண்டு வந்து, வீட்டில் நிதானமாகத் திருப்பிச் சொல்வார். மருந்து சொல்ல மாட்டார், "நான் இருந்தால் இப்படித்தான் செய்வேன்" என்றும் சொல்ல மாட்டார். முடிவு உங்களுடையது. அது அவருக்குப் பிடிக்காத முடிவாக இருந்தாலும் அதையே அவர் கொண்டுபோய்ச் சொல்ல வேண்டும்.

எங்களுக்காகப் பேசத் தோட்டத் தலைவர் இருக்கிறார், கட்சிக் கிளை இருக்கிறது. இன்னொருவர் எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்வியும்கூட. தோட்டத்தில் நமக்காக எப்போதும் வேறொருவர்தான் பேசியிருக்கிறார். கங்காணி பேசினார், மண்டோர் பேசினார், கிராணி எழுதிக் கொடுத்தார். பிறகு சங்கத் தலைவரும் கோயில் தலைவரும் வந்தார்கள். அவர்களில் நல்லவர்கள் பலர். ராத்திரி பன்னிரண்டு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த தலைவர்களை நமக்குத் தெரியும்.

ஆனால் அந்தத் தலைவருக்கு உங்கள் மகனையும் தெரியும், உங்கள் மருமகனையும் தெரியும், தோட்ட நிர்வாகத்தோடும் நாளைக்குப் பேச்சு வேண்டும். உங்களுக்கும் உங்கள் மகனுக்கும் கருத்து வேறுபட்டால் அவர் யார் பக்கம் பேசுவார்? பெரும்பாலும் சமாதானம் செய்துவைப்பார். சமாதானத்தில் குரல் தாழ்ந்தவர்தான் விட்டுக்கொடுக்கிறார். உதவி வாங்கிவிட்டால் தேர்தல் நேரத்தில் படத்துக்கு நிற்க வேண்டியிருக்கும் என்ற கூச்சமும் சிலருக்கு உண்டு. சுயேச்சையான துணையாளருக்கு இந்தக் கணக்கு எதுவும் இருக்கக் கூடாது. அவர் மகனுக்கும் ஆள் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் ஆள் இல்லை. உங்களுக்கு மட்டும்தான் ஆள். உறவினரையோ ஒரே லயத்தில் (தோட்ட வீட்டு வரிசையில்) குடியிருப்பவரையோ நாங்கள் துணைக்கு அனுப்பாததற்குக் காரணம் அதுதான்.

தலைவரை விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. தோட்டத்துச் சாலையைச் சரிசெய்ய அவர்தான் வேண்டும்.

அப்படியானால் நீங்கள் வக்கீலா?

இல்லை. வழக்கு என்று வந்தால் சட்ட உதவித் துறைக்கோ வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்துக்கோ அழைத்துப் போவோம். அதோடு எங்கள் வேலை நின்றது.

அம்மாவுக்கு ஒன்றும் புரியாது. நான் மகன், நானே கையெழுத்துப் போட்டால் என்ன?

அம்மா சுயநினைவோடு இருந்து, சொல்வதைப் புரிந்துகொள்ளக் கூடியவராக இருந்தால் ஒப்புதல் அவருடையது. பதினெட்டு வயதைத் தாண்டிய எவருடைய உடம்புக்கும் அவர்தான் சொந்தக்காரர். மலாய் தெரியாததும், படிக்காததும், காது மந்தமாக இருப்பதும் புரியாதவர் என்பதற்குச் சான்று ஆகாது.

ஒரு வார்டில் நடந்ததைச் சொல்கிறேன். வருஷக்கணக்காகப் பால்மரம் வெட்டி ஓய்ந்த பாட்டி. இனிப்புநீரால் கால் அழுகிவிட்டது. டாக்டர் கட்டிலின் கால்மாட்டில் நின்று மகனிடம் மலாயில் விளக்கினார். மகன் தலையாட்டினார். ஒப்புதல் பாரமும் பேனாவும் மகன் கையில். பாட்டி மேலே சுற்றும் காற்றாடியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். துணைக்குப் போயிருந்தவர் அன்றைக்குப் பேசியது இவ்வளவுதான்: "டாக்டர், பாட்டிகிட்டயே ஒரு தடவ சொல்றீங்களா? அந்த மிஸி தமிழ்ல சொல்லுவாங்க."

மிஸி, அதாவது தாதி, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். பாட்டி முழுதும் கேட்டுவிட்டு, "முட்டிக்கு மேலயா, கீழயாம்மா?" என்றார். கீழே என்றதும், "அப்ப கட்டைக்கால் மாட்டிக்கலாம்ல?" என்றார். பிறகு, "வேணாம்னு சொன்னா என்னாவும்?" அந்தக் கேள்விக்கு டாக்டர் தானே பதில் சொன்னார், மிஸி தமிழில் சொன்னார்: சீழ் இரத்தத்தில் கலந்தால் உயிருக்கு ஆபத்து, நாள் தள்ளத் தள்ள இன்னும் மேலே வெட்ட வேண்டிவரும். பாட்டி ஒரு ராத்திரி யோசிக்கக் கேட்டார். மறுநாள் காலையில் அவரே கைரேகை வைத்தார்.

முடிவு மகன் எடுத்திருக்கக்கூடிய அதே முடிவுதான். இருந்தாலும் அறுவைக்குப் பிறகு உடற்பயிற்சிக்கு வரமாட்டேன் என்று பாட்டி ஒரு நாளும் அடம்பிடிக்கவில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்பது என் எண்ணம்.

சட்டமும் இந்தப் பக்கம்தான். சிகிச்சையில் உள்ள முக்கியமான ஆபத்துகளை நோயாளியிடம் சொல்ல வேண்டியது மருத்துவரின் கடமை என்று நம் கூட்டரசு நீதிமன்றம் 2006 இறுதியில் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. சாலை விபத்துக்குப் பிறகு கழுத்து அறுவை செய்து, கைகால் விளங்காமல் போன பெண் ஒருவர் தொடுத்த வழக்கு அது.

மலாய் தெரியாமல் டாக்டரிடம் எப்படிக் கேள்வி கேட்பது?

கேள்விகளை முதல் நாளே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினால் போதும், மொழிபெயர்க்க வார்டில் ஒருவராவது கிடைப்பார். பத்துக் கேள்வி வேண்டாம், நான்கு போதும்: இது என்ன நோய், என்ன செய்யப் போகிறீர்கள், செய்யாவிட்டால் என்ன ஆகும், வேறு வழி உண்டா. பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். புற்றுநோய் என்ற சொல்லைப் பாட்டியிடம் சொல்ல வேண்டிய நிலை பத்து வயதுப் பிள்ளைக்கு வரக் கூடாது.

அப்பாவுக்கு நினைவு தப்பிவிட்டது. இப்போது யார் முடிவெடுப்பது?

இங்கே நம் சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. சிங்கப்பூரில் ஒருவர் நல்ல நினைவோடு இருக்கும்போதே, "பின்னாளில் எனக்கு முடியாமல் போனால் இவர் முடிவெடுக்கட்டும்" என்று பத்திரம் எழுதிப் பதிந்துவைக்கலாம். மலேசியாவில் அப்படிப்பட்ட பத்திரம் இல்லை. இங்கே எழுதும் சாதாரண அதிகாரப் பத்திரம், எழுதியவர் சித்தம் தவறியதும் பொதுவாகச் செல்லாமல் போகும். எந்த நேரத்தில் தேவையோ அந்த நேரத்தில் உதவாத காகிதம். இது தெரியாமல் பணம் செலவழித்து எழுதி வைத்திருப்பவர்களை நாங்கள் நிறையப் பார்க்கிறோம்.

சொத்தும் வங்கிப் பணமும் சம்பந்தப்பட்டால் 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்படி உயர் நீதிமன்றத்தில் விசாரணை கோரி, பொறுப்பாளரை நியமிக்கச் சொல்லலாம். செலவும் காலமும் பிடிக்கும். சிகிச்சை விஷயத்தில் டாக்டர்கள் குடும்பத்தோடு கலந்து பேசியே செய்கிறார்கள். துணையாளர் அங்கே கேட்க வேண்டியது ஒன்றுதான்: அப்பா நன்றாக இருந்தபோது இதைப் பற்றி என்ன சொல்லியிருந்தார்? மூக்கில் குழாய் வேண்டாம், வீட்டிலேயே போக வேண்டும் என்று சொல்லியிருந்தால் அதை டாக்டர் காதில் போட வேண்டும். நினைவு தப்பியவருக்கும் இது பிடிக்கும், இது பிடிக்காது என்று உண்டு. கையைத் தட்டிவிடுவதும் ஒரு பதில்தான்.

தம்பியைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிட்டார்கள். இனி வெளியே வர முடியுமா?

முடியும். 1911இல் திறந்த அந்த மனநல ஆஸ்பத்திரியின் இன்றைய பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. போனவர் திரும்பாத காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயம்தான் இன்னும் நம் வாயில் வசவாக இருக்கிறது. இப்போது பெரும்பாலானோர் சில வாரங்களில் வீடு திரும்பி, பக்கத்துக் கிளினிக்கில் ஊசியோ மாத்திரையோ எடுக்கிறார்கள்.

நீங்கள் கேட்க வேண்டியது: தம்பி தானாகச் சேர்ந்தவராகப் பதிவாகியிருக்கிறாரா, அவர் விருப்பமில்லாமல் சேர்க்கப்பட்டவராகவா? 2001ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010இல்தான். அதன்படி விருப்பமில்லாமல் சேர்க்க உறவினரின் விண்ணப்பமும் மருத்துவரின் பரிந்துரையும் வேண்டும். காலவரம்பு இல்லாமல் வைத்திருக்கவும் முடியாது, ஒவ்வொரு கட்டத்திலும் மறுபடி பரிசோதிக்க வேண்டும். எந்தத் தேதி வரை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மனநல மருத்துவமனைகளுக்கு வருகையாளர் குழு என்று ஒன்று உண்டு, உள்ளே இருப்பவர் தன் குறையை அவர்களிடம் சொல்லலாம். சட்டைத் துணி, சோப்பு, வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகும்போது இந்தத் தகவலையும் கொண்டுபோங்கள்.

வீட்டில் ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் கேஸ் ஆகுமா?

முன்பு அது குற்றம். தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. உயிர் பிழைத்தவர் இனிக் குற்றவாளி இல்லை. "வழுக்கி விழுந்துட்டாரு" என்று பொய் சொல்லாமல் டாக்டரிடம் உள்ளதைச் சொல்லுங்கள், சிகிச்சை சரியாக அமைய அது முக்கியம். மனம் தாங்காத நேரத்தில் பேச 15555 என்ற ஹீல் எண்ணும், பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929ம் இருக்கின்றன. இப்போதே ஆபத்து என்றால் 999.

ஜேகேஎம் (சமூகநல இலாகா) உதவிக்கு விண்ணப்பித்தும் பதில் இல்லை. நீங்கள் பேசி வாங்கித் தருவீர்களா?

வாங்கித் தர எங்களுக்கு அதிகாரம் இல்லை. வாங்கித் தருகிறேன், முந்நூறு வெள்ளி (ரிங்கிட்) கொடு என்று யாராவது கேட்டால் அவரை நம்ப வேண்டாம். விண்ணப்பப் பாரத்துக்குக் கட்டணமே கிடையாது.

நாங்கள் செய்யக்கூடியது, கோப்பு எங்கே நிற்கிறது என்று உங்களோடு வந்து கேட்பது. நம் மாவட்ட அலுவலகம் கோலகங்சாரில் இருக்கிறது. பஸ் ஏறிப் போய் "அதிகாரி வெளியே போயிருக்கிறார்" என்று கேட்டுத் திரும்புவதிலேயே பலர் சோர்ந்துவிடுகிறார்கள். போகும் முன் தொலைபேசியில் கேளுங்கள். விண்ணப்பித்த தேதியும் பாரத்தின் நகலும் கையில் இருக்கட்டும். பாரத்தில் இருக்கும் போன் நம்பர் இன்னும் உங்களிடம்தானா என்று பாருங்கள். அதிகாரி வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்ல அழைத்திருப்பார், அந்த சிம் கார்டை மகள் எப்போதோ மாற்றியிருப்பாள். பதில் வராத விண்ணப்பங்களில் இப்படிப்பட்டவை கணிசம். அதிகாரி வரும் நாளில் வீட்டைக் கழுவிப் பளபளப்பாக்கி, இரவல் நாற்காலி போட்டு உட்கார வைக்காதீர்கள். மானம் பெரிதுதான். ஆனால் அவர் பார்க்க வருவது உங்கள் கஷ்டத்தை.

அறுபது வயது தாண்டிய ஆதரவற்றோருக்கான மாத உதவி 2021இல் 350 வெள்ளியிலிருந்து 500 ஆனது. 2025 பட்ஜெட்டில் 600 ஆனது. படுத்த படுக்கையாக இருப்பவரைப் பார்த்துக்கொள்பவருக்கும் தனி உதவி உண்டு. அதைப் பலர் கேட்பதே இல்லை. பெற்ற அம்மாவைப் பார்க்கக் காசா என்று நினைக்கிறார்கள்.

உதவிப் பணம் வருகிறது, ஏடிஎம் கார்டு மகன் கையில். பாட்டிக்கு ஒன்றும் தெரிவதில்லை.

எல்லா மகனும் எடுத்துச் சாப்பிடுவதில்லை. பட்டணத்துக்குப் போய்வர முடியாத அம்மாவுக்காக எடுத்துவந்து கொடுப்பவர்கள்தான் நிறையப் பேர். ஆகவே குற்றம் சாட்டுவதில் தொடங்காமல், பாட்டியைத் தனியாகச் சந்தித்துப் பேசுவோம். தனியாக என்பது முக்கியம். மருமகள் தேத்தண்ணி கலக்கும் தூரத்தில் இருந்தால் பாட்டி "எல்லாம் நல்லாத்தான் பாத்துக்குறாங்க" என்றுதான் சொல்வார். கோயிலிலோ, கிளினிக்கில் நம்பர் எடுத்துக் காத்திருக்கும் நேரத்திலோ பேசலாம்.

பாட்டி மாற்றம் வேண்டும் என்றால் வங்கிக்குக் கூடப் போவோம். வேண்டாம், வீட்டில் சண்டை வரும் என்றால் அங்கேயே நிறுத்திக்கொள்வோம். இது எங்களுக்கே கசக்கும். அடி, மிரட்டல், பட்டினி என்று வந்தால் கதை வேறு. 1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் கணவன் மனைவிக்கு மட்டும் உரியதன்று, வயதான பெற்றோருக்கும் பொருந்தும். 2017இல் செய்த திருத்தத்தின்படி சமூகநல அதிகாரியே ஏழு நாளைக்கு அவசரப் பாதுகாப்பு உத்தரவு கொடுக்கலாம். பணத்தை ஏமாற்றி எடுத்துத் துன்புறுத்துவதையும் அந்தத் திருத்தம் வன்முறையாகச் சேர்த்தது. 15999 தாலியான் காசே உதவி எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம்.

ஓகேயு கார்டு எடுத்தால் பிள்ளைக்குக் கல்யாணம் ஆகாது என்கிறார்கள்.

கார்டை நெற்றியில் ஒட்டிக்கொள்ளச் சொல்லவில்லை. பதிவு இலவசம், அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணச் சலுகை உண்டு. வேண்டாம் என்றால் எடுக்க வேண்டாம். 2008ஆம் ஆண்டு உடல்பேறு குறைந்தோர் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் பிள்ளை பெரியவராகிவிட்டால் அவரையே கேளுங்கள்.

எனக்குச் சிவப்பு ஐசி (நிரந்தரவாசி அடையாள அட்டை). அண்ணனுக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. எங்களுக்கும் வருவீர்களா?

வருவோம். துணை நிற்க ஐசி நிறம் பார்ப்பதில்லை. ஆனால் ஜேகேஎம் மாத உதவிகள் குடிமக்களுக்கானவை. பத்திரமே இல்லாதவரிடம் ஆஸ்பத்திரி வெளிநாட்டுக்காரர் கட்டணம் கேட்கும், குடிமக்களுக்கான ஒரு வெள்ளிச் சீட்டு அவருக்குக் கிடையாது. இந்த மண்ணில் பிறந்து, இந்த மண்ணில் மரம் வெட்டியவரிடம். கட்டணத்தால் தடுமாறினால் ஆஸ்பத்திரியில் மருத்துவச் சமூகப்பணி அதிகாரியைக் கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரிகளில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு. ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கு மாற்றினால் முதல் வேலையாக அந்த அறை எங்கே என்று விசாரியுங்கள்.

பத்திர விவகாரம் தேசியப் பதிவுத் துறையில் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். பழைய தோட்டச் செக்ரோல் (சம்பளப் பதிவேடு), தமிழ்ப்பள்ளிப் பதிவேடு, ஊசி போட்ட அட்டை, பிரசவம் பார்த்த மருத்துவச்சியின் வாக்குமூலம் எதையும் தூக்கி எறியாதீர்கள். தோட்டம் விற்பனையாகி ஆபீஸ் இடிபடும்போது பதிவேடுகள் குப்பைக்குப் போகின்றன. அதற்கு முன் போய்க் கேளுங்கள்.

அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறோம். எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் அம்மாவைக் கேட்டீர்களா? கேட்டாயிற்று என்றால், பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். நான்கு பேரையோ அதற்கு மேலோ தங்கவைத்துப் பார்க்கும் இல்லங்கள் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி பதிவு செய்திருக்க வேண்டும். சொல்லாமல் ஒரு சாயங்காலம் போய்ப் பாருங்கள், மூத்திர வாடை எவ்வளவு என்று மூக்கு சொல்லிவிடும். ஐசியையும் வங்கிப் புத்தகத்தையும் இல்லத்தில் கேட்டால் ஏன் என்று கேளுங்கள், ரசீது வாங்குங்கள்.

சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) மருத்துவக் குழு எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டது.

மேல்முறையீட்டு மருத்துவக் குழு உண்டு. கெடு நாள் இருக்கிறது, ஆகவே முடிவுக் கடிதத்தை அலமாரியில் வைக்காமல் அன்றைக்கே யாரிடமாவது காட்டுங்கள். குழுவின் முன் உட்காரும்போது வழக்கமாக நாம் "பரவால்லங்க டாக்டர்" என்போம். அங்கே அது வேண்டாம். எத்தனை படி ஏற முடிகிறது, செம்பனைக் குலை வெட்டும் கழியைத் தூக்க முடிகிறதா என்று உள்ளபடி சொல்லுங்கள்.

புகார் கொடுத்தால் அடுத்த தடவை சரியாகப் பார்ப்பார்களா?

இந்தப் பயத்தைப் போக்க எங்களிடம் மந்திரம் இல்லை. ஊர் சின்னது, ஒரே ஆஸ்பத்திரி, ஒரே மிஸி. ஆகவே முதலில் வார்டு சிஸ்டரிடம் மரியாதையாகப் பேசிப் பார்ப்போம், பாதி விஷயம் அங்கேயே தீரும். தீராவிட்டால் எழுத்தில் கொடுப்போம். அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு சிஸ்பா என்ற புகார் முறை இணையத்தில் இருக்கிறது. தேதி, நேரம், வார்டு, நடந்தது, உங்களுக்கு என்ன வேண்டும் என்ற ஐந்தும் இருந்தால் ஒரு பக்கம் போதும். கோபத்தை எழுதினால் கோபத்துக்குத்தான் பதில் வரும். மனித உரிமை மீறல் அளவுக்குப் போனால் மனித உரிமை ஆணையமான சுஹாகாம் இருக்கிறது. மருத்துவரின் நடத்தை பற்றியதென்றால் மலேசிய மருத்துவ மன்றம்.

துணையாளர் வேண்டும் என்று கேட்பது சட்டப்படி என் உரிமையா?

இங்கிலாந்தில் உரிமை. அங்கே 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டப்படி, முடிவெடுக்க இயலாதவருக்குக் குடும்பமோ நண்பரோ இல்லையென்றால், பெரிய சிகிச்சைக்கோ நீண்ட கால இல்லத்துக்கோ முன் சுயேச்சையான துணையாளர் ஒருவரை அமர்த்தியே ஆக வேண்டும். 2014இல் வந்த பராமரிப்புச் சட்டம் சமூகநல உதவி மதிப்பீட்டுக்கும் அதை விரித்தது. அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது, ஆனால் அவர் அரசாங்கத்தையே கேள்வி கேட்பார்.

மலேசியாவில் அப்படிச் சட்டம் இல்லை. ஐநாவின் உடல்பேறு குறைந்தோர் உரிமை ஒப்பந்தத்தை நாம் 2010இல் ஏற்றுக்கொண்டோம். முடிவெடுக்க ஆதரவு வேண்டுபவருக்கு அது கிடைக்க வழிசெய்ய வேண்டும் என்பது அதில் உண்டு. 2008ஆம் ஆண்டு உள்நாட்டுச் சட்டமோ அரசாங்கத்தின் மீது வழக்குப் போட முடியாதபடி எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே இன்றைக்கு வார்டுக்குள் எங்களை விடுவதும் விடாததும் அங்கே இருப்பவர் மனசு. "இவர் என்னோடு இருக்கட்டும்" என்று நோயாளி தன் வாயால் சொன்னால் பெரும்பாலும் விடுகிறார்கள். சொல்ல முடியாதவர் என்றால் முன்கூட்டியே ஒரு கடிதத்தில் கைரேகை வைத்துக் கொடுக்கலாம்.

நானும் துணைக்குப் போகலாமா?

வாருங்கள். படிப்பு முக்கியமில்லை, மலாய் பேசத் தெரிந்தால் நல்லது. கேட்டதைக் கோயில் வாசலில் சொல்லாத வாய் வேண்டும். அதற்கு மேல், டாக்டர் அறையில் பேசாமல் உட்காரப் பழக வேண்டும். புதிதாக வருபவர்கள் பாட்டி வாயைத் திறக்கும் முன் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். முதல் சில தடவை பழையவர் ஒருவரோடு சேர்த்து அனுப்புவோம். பெட்ரோல் காசு சில மாதம் கிடைக்கும், சில மாதம் கிடைக்காது.

கூப்பிட்டால் நாளைக்கே ஆள் வருமா?

எப்போதும் முடியாது. ஆட்கள் குறைவு, எல்லோருக்கும் வேலை உண்டு. கிளினிக் தேதி தெரிந்ததுமே சொல்லிவிடுங்கள். கோயிலுக்குப் பக்கத்து மண்டபத்தில் ஞாயிறு காலையில் இருப்போம். ஐசி, கிளினிக் புத்தகம், சாப்பிடும் மாத்திரைகளை உறையோடு, வந்த கடிதங்களைப் பிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, அப்படியே எடுத்து வாருங்கள்.